லிம்போமா திரும்பி வந்தால்: சதவீதங்களைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உறவில் ஒருவருக்கு லிம்போமா (நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்) திரும்பியபோது அவருடைய ஃபைலில் இருந்த எண்களுக்குப் பொருள் சொன்னேன். அதிலிருந்து மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எங்கிருந்தாவது யாராவது ஒரு பிளாஸ்டிக் பையில் ரிப்போர்ட்டுகளுடன் வந்துகொண்டிருக்கிறார்கள். வைத்தியம் எனக்குத் தெரியாது. அது மருத்துவர் வேலை. சதவீதத்தைப் படிக்கத் தெரியும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் அவரவர் கேட்டபடியே எழுதிவைக்கிறேன். எண்கள் வெளியான ஆய்வுகளில் உள்ளவை. என் கற்பனைக் கணக்கு வரும் இடத்தில் அப்படி என்று சொல்லியிருக்கிறேன்.

கீமோ முடிந்ததும் "சுத்தமாகிவிட்டது" என்றார்கள். இப்போது திரும்பிவிட்டது என்கிறார்கள். அன்றைக்குச் சொன்னது பொய்யா சார்?

பொய்யில்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் அன்று சொன்னதன் பொருள். ஸ்கேன் கண்ணுக்கு எட்டாத அளவில் சில செல்கள் மிஞ்சியிருந்தால் அவை பிறகு வளர்ந்து தலைகாட்டும். லிம்போமாவில் பல வகை உண்டு. வேகமாக வளரும் வகைகளில் அதிகம் காணப்படுவது ரிப்போர்ட்டில் டி.எல்.பி.சி.எல். என்று எழுதப்படும் வகை. அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆர்-சாப் (ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைக் கீமோ மருந்துகளோடு சேர்த்துத் தரும்) சிகிச்சையில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு நோய் அடியோடு போய்விடுகிறது. மீதி நான்கு பேரில் சிலருக்குப் போய்த் திரும்புகிறது, சிலருக்குப் போகவே இல்லை.

போய்த் திரும்பியதா, மருந்துக்கு மசியவே இல்லையா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதைப் பொறுத்தே மாறும்.

கழுத்தில் மறுபடியும் நெறி கட்டியிருக்கிறது. பெட் ஸ்கேனிலும் ஒளிர்கிறது. இனி சந்தேகம் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகமாக உறிஞ்சும் இடத்தைக் காட்டும் கருவி. புற்றுநோய் செல்லும் உறிஞ்சும், காசநோய் பிடித்த நிணநீர்க் கணுவும் (நெறி கட்டுவது இதில்தான்) உறிஞ்சும். நம் பக்கத்தில் காசநோய் அரிய நோயல்ல. கீமோவால் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடலில் அது எழுந்துவர இடமும் உண்டு. ஆகவே திரும்பிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் கணுவை எடுத்து பயாப்ஸி பார்ப்பதே முறை. ஊசியில் உறிஞ்சிய துளியைவிடக் கணுவை முழுதாகவோ ஒரு நல்ல துண்டாகவோ எடுத்துப் பார்ப்பது மேல். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டு பயாப்ஸிக்கு மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லிம்போமா அப்படிப் பரவுவதில்லை.

பயாப்ஸிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மெதுவாக வளரும் ஃபாலிகுலர் வகை, திரும்பும்போது வேகமான வகையாக மாறியிருக்கலாம். பெயர் மாறினால் கணிப்பு முழுவதும் மாறிவிடும். எந்த நோய் என்றே உறுதியாகாத நிலையில் எத்தனை சதவீதம் என்று கேட்பதில் பயனில்லை.

எத்தனை மாதம் என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் மறைக்கிறாரா?

இரண்டும் இல்லை. அவரிடம் இருப்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய அறிவு. நீங்கள் கேட்பது ஓர் ஆளைப் பற்றி. நூறு பேரில் நாற்பது பேர் தேறுவார்கள் என்று சொல்ல முடிகிறவரால், உங்கள் அப்பா அந்த நாற்பதில் ஒருவரா என்று சொல்ல முடியாது.

வைகை அணையில் நீர் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுகிறார்கள். அணையின் முழு அளவு 71 அடி. எந்த மணிக்கு யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று அந்த அறிவிப்பு சொல்வதில்லை. ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டச் சொல்கிறது. நோயின் கணிப்பும் அந்த வேலைக்குத்தான். எந்த மருந்து, எந்த ஊர், எவ்வளவு பணம் திரட்டுவது, எப்போது போதும் என்பது என்று முடிவெடுக்க அது உதவும். தேதி குறிக்க உதவாது. கணிப்பைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பதில் தெரிந்தால் எந்த முடிவை மாற்றுவீர்கள்? அதற்கு விடை இருந்தால் எண்ணுக்கும் பொருள் உண்டு.

என் மகன் செல்போனில் பார்த்து "மீடியன் 6 மாதம்" என்றான். அப்படியானால் தீபாவளி வரை தாங்குவாரா?

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே இல்லை. உங்கள் மகன் பார்த்தது அநேகமாக 2017-இல் வெளியான ஸ்காலர்-1 என்ற ஆய்வாக இருக்கும். அதில் இடம்பெற்ற 636 பேரும் மிகக் கடினமான நிலையில் இருந்தவர்கள். டி.எல்.பி.சி.எல். மருந்துக்கு மசியாதவர்கள், அல்லது ஸ்டெம் செல் மாற்றுக்குப் (கடும் கீமோ கொடுத்து, முன்பே எடுத்துவைத்த ரத்த மூலச் செல்களைத் திரும்ப ஏற்றும் சிகிச்சை) பிறகு ஓராண்டுக்குள் திரும்பியவர்கள். அவர்களுடைய மீடியன் 6.3 மாதம். உங்களுடையவருக்கு இரண்டு ஆண்டு நன்றாக இருந்துவிட்டுத் திரும்பியிருந்தால் இது அவருடைய எண்ணே அல்ல.

அந்தக் கூட்டத்தில் ஒருவராகவே இருந்தாலும், மீடியன் என்பது காலக்கெடு இல்லை. எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய கணக்கு அது. பாதிப் பேர் அதற்கு முன்னால், பாதிப் பேர் அதற்குப் பின்னால். பின்னால் நிற்கும் பாதி எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை நடு ஆள் சொல்ல மாட்டார். ஸ்காலர்-1-இலேயே ஏறத்தாழ 20 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தார்கள். வேகமான லிம்போமாவில் உயிர்வாழ்வுக் கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு ஒரு மட்டத்தில் ஏறக்குறையப் படுத்துவிடும். அந்தப் படுத்த பகுதி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் மீடியனைவிட முக்கியமான சேதி. டாக்டரிடம் "மீடியன் என்ன" என்று கேட்பதற்குப் பதிலாக "இவரைப் போன்றவர்களில் நீண்ட காலம் நன்றாக இருப்பவர்கள் எத்தனை பேர்" என்று கேளுங்கள்.

அந்த ஆய்வில் உள்ளவர்களுக்குச் சிகிச்சை நடந்தது கார்-டி என்ற புதிய செல் சிகிச்சை வருவதற்கு முந்தைய காலத்தில் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். எந்த உயிர்வாழ்வு எண்ணும் நேற்றைய மருந்துகளின் கணக்குதான்.

சரி, எதையெல்லாம் வைத்துத்தான் கணிக்கிறார்கள்?

1993-இல் வந்த ஐ.பி.ஐ. என்ற மதிப்பெண் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவரா, ரத்தத்தில் எல்.டி.எச். (செல்கள் சிதையும்போது வெளியேறும் நொதி) கூடியிருக்கிறதா, ஸ்டேஜ் 3 அல்லது 4-ஆ, கணுக்களுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நோய் இருக்கிறதா, நடமாட்டம் குறைந்திருக்கிறதா என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொரு 'ஆம்' பதிலுக்கும் ஒரு மதிப்பெண். கூடக் கூட நிலைமை கடினம். முதல்முறை வந்த நோய்க்காக உருவாக்கினாலும் திரும்பிய நோய்க்கும் இதைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஐந்தில் நடமாட்டத்தைக் குடும்பத்தார் யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் அதற்கு எடை அதிகம். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடக்கிறாரா, தானே குளிக்கிறாரா, சாப்பிடுகிறாரா என்பதே கேள்வி. டாக்டர் அறைக்குள் போகும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. உடன் போகிறவர் வீட்டு நிலைமையை உள்ளபடி சொல்ல வேண்டும். தாங்க முடியாத கீமோவைத் தாங்குவார் என்று நினைத்துக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா?

திரும்பிய நோயில் இந்த ஐந்தையும்விட இரண்டு விஷயங்கள் கனமானவை. எவ்வளவு காலம் கழித்துத் திரும்பியது என்பது ஒன்று. இரண்டாவது சுற்று மருந்துக்கு எப்படி மசிகிறது என்பது இன்னொன்று. இவற்றோடு மரபணுச் சோதனையும் சேரும். மிக், பி.சி.எல்.-2 ஆகிய இரண்டு மரபணுக்களும் இடம் மாறியிருந்தால் நோய் முரட்டு வகை. முதல் பயாப்ஸியில் இந்தச் சோதனை செய்திருக்கிறதா என்று ஃபைலைப் புரட்டிப் பாருங்கள்.

ஓராண்டுக்குள் திரும்பினால் மோசம் என்கிறார்கள். அம்மாவுக்குப் பதின்மூன்றாவது மாதம் வந்தது. தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

சீக்கிரம் திரும்புவது மோசம் என்பதற்குக் காரணம் எளிது. மிஞ்சிய செல்கள் அந்த மருந்தின் நடுவே பிழைத்தவை. அதே இனத்து மருந்தை மறுபடி கொடுத்தால் பெரும்பாலும் அசைந்துகொடுப்பதில்லை. கோரல் என்ற ஆய்வு 2010-இல் இதைக் காட்டியது. முன்பே ரிட்டுக்ஸிமாப் பெற்று ஓராண்டுக்குள் திரும்பியவர்களில், மூன்று ஆண்டு நோயின் தொந்தரவு இல்லாமல் இருந்தவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான்.

ஆனால் 12 என்பது ஆய்வாளர்கள் வசதிக்காகப் போட்ட கோடு. உடலுக்குள் அப்படி எந்தக் கோடும் கிடையாது. 11-ஆம் மாதத்துக்கும் 13-ஆம் மாதத்துக்கும் உள்ள வேறுபாடு சிறிது. 3-ஆம் மாதத்துக்கும் 40-ஆம் மாதத்துக்கும் உள்ளது பெரிது. போதாக்குறைக்கு, எந்த மாதம் திரும்பியது என்பதே எந்த மாதம் ஸ்கேன் எடுத்தோம் என்பதைப் பொறுத்தது. அறுவடை முடியட்டும் என்று இரண்டு மாதம் தள்ளிப் போட்டவருக்கு 13-ஆம் மாதம் என்று பதிவாகியிருக்கலாம். ஆகவே அம்மா தப்பித்தார் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், மாட்டிக்கொண்டார் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த மருந்துக்குத் தகுதி என்ற விதிமுறையில் மட்டும் அந்தக் கோடு உண்மையாகவே குறுக்கே நிற்கும்.

எங்கள் அப்பத்தாவுக்கு லிம்போமா மூன்று முறை வந்தும் பதினைந்து வருடம் நடமாடினார். தம்பிக்கு மட்டும் ஏன் பயமுறுத்துகிறார்கள்?

பெயர் ஒன்று, நோய் வேறு. அப்பத்தாவுக்கு இருந்தது ஃபாலிகுலர் போன்ற மெதுவான வகையாக இருந்திருக்கும். அது திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அடங்கும். சிலருக்கு உடனே மருந்து கூட வேண்டியதில்லை, கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆர்-சாப் பெற்று இரண்டு ஆண்டுக்குள் திரும்பியவர்களில் ஐந்தாண்டு இருந்தவர்கள் 50 சதவீதம், அப்படித் திரும்பாதவர்களில் 90 சதவீதம் என்று 2015-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஐந்தில் ஒருவர் அந்த முதல் கூட்டத்தில் வருகிறார்.

தம்பிக்கு ஹாட்ஜ்கின் வகை என்றால் கதையே வேறு. திரும்பிய பிறகும் ஸ்டெம் செல் மாற்றால் பாதிப் பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். மாற்றுக்கு முன் பெட் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆகவே ஒரு வகைக்காரர் அனுபவத்தை இன்னொரு வகைக்காரருக்கு ஆறுதலாகவும் சொல்லாதீர்கள், அச்சமாகவும் சொல்லாதீர்கள்.

எல்.டி.எச். 240-இலிருந்து 410 ஆகிவிட்டது. நோய் இரட்டிப்பாகிவிட்டதா?

இல்லை. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலே அது கூடும். கல்லீரல் கோளாறிலும் கூடும். தொடர்ந்து கூடிக்கொண்டே போனால்தான் கவலை. ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

ஸ்டெம் செல் மாற்று செய்தால் பாதிப் பேர் பிழைப்பார்கள் என்றார் ஒருவர். நிலத்தை விற்றாவது செய்துவிடவா?

நிலத்தை விற்பதற்கு முன் ஒரு கேள்வி: எந்தக் கூட்டத்தில் பாதி? 1995-இல் வெளியான பார்மா ஆய்வுதான் இந்தச் சிகிச்சையை நிலைநாட்டியது. ஐந்தாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் மாற்று செய்தவர்களில் 46 சதவீதம், கீமோ மட்டும் தொடர்ந்தவர்களில் 12 சதவீதம். பெரிய வேறுபாடுதான். ஆனால் ஆய்வுக்கு வந்தவர்கள் 215 பேர். இரண்டாம் சுற்றுக் கீமோவுக்கு நோய் மசிந்து, இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டவர்கள் 109 பேர் மட்டுமே. 46 என்பது அந்த வடிகட்டிய கூட்டத்தின் எண். வாசலில் நிற்கும் எல்லோருக்கும் அதைச் சொல்வது தவறு. அந்த ஆய்வு ரிட்டுக்ஸிமாப் வருவதற்கு முந்தையது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆகவே இது இரண்டு படிகளாக வரும் கணக்கு. முதல் படி, இரண்டு அல்லது மூன்று சைக்கிள் கீமோ கொடுத்து ஸ்கேன் பார்ப்பது. ஸ்கேனை 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் படிப்பார்கள். 1, 2, 3 என்றால் நன்கு அடங்கியிருக்கிறது என்று பொருள். அப்படி வந்தால்தான் இரண்டாம் படியும் அதன் சதவீதமும். நிலத்தைப் பற்றிய பேச்சை அந்த ஸ்கேன் வரும்வரை தள்ளிவையுங்கள். அதற்குள் காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு எழுதி வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு.

கார்-டி என்று ஒன்று வந்திருக்கிறதாமே, அதில் எல்லோரும் குணமாகிறார்களாமே?

எல்லோரும் இல்லை. நோயாளியின் வெள்ளணுக்களை எடுத்து, நோயை அடையாளம் காணும்படி ஆய்வகத்தில் மாற்றி, மீண்டும் உடலில் ஏற்றும் முறை அது. முதல் சிகிச்சைக்கு மசியாத, அல்லது ஓராண்டுக்குள் திரும்பிய நோய்க்கு நடந்த ஸூமா-7 ஆய்வில், இரண்டாண்டு முடிவில் நோயின் தொந்தரவு இல்லாமல் இருந்தவர்கள் கார்-டி பிரிவில் 41 சதவீதம், பழைய முறையில் 16 சதவீதம். நான்காண்டில் உயிருடன் இருந்தவர்கள் 55, 46 சதவீதம். இரண்டாவது ஜோடி ஏன் இவ்வளவு நெருங்கி நிற்கிறது என்று கேட்பீர்கள். பழைய முறைப் பிரிவில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அது பலிக்காதபோது பிறகு கார்-டி வகைச் சிகிச்சையையே பெற்றார்கள்.

இந்தியாவிலேயே மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அமெரிக்க விலையில் ஒரு சிறு பங்குதான். அப்படியும் 30 லட்சத்தைத் தாண்டும். செல்களைத் தயாரித்துக் கொடுக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அதுவரை நோயை அடக்கிவைக்க முடியுமா என்பதும் கணிப்பின் ஒரு பகுதி. காத்திருக்கும்போதே இறந்தவர்களைக் கணக்கில் சேர்த்த சதவீதமா, செல் ஏற்றப்பட்டவர்கள் மட்டும் உள்ள சதவீதமா என்று கேளுங்கள். முந்தைய பதிலில் சொன்ன வடிகட்டல் இங்கேயும் நடக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கணக்கு. உசிலம்பட்டிக்காரருக்குப் பொருந்துமா?

வரிசை பொருந்தும், அளவு பொருந்தாமல் போகலாம். சீக்கிரம் திரும்பியவருக்கு நிலைமை கடினம், கீமோவுக்கு மசிந்தவருக்கு எளிது என்பது எந்த ஊரிலும் மாறாது. ஆனால் 46 சதவீதம், 41 சதவீதம் என்ற அளவுகள், குறித்த நாளில் மருந்து கிடைத்து, காய்ச்சல் வந்த சில மணி நேரத்தில் ஆண்டிபயாடிக் ஏறிய நோயாளிகளின் அளவுகள். ஆய்வில் சேர்ப்பவர்களே ஓரளவு திடமானவர்கள்.

இங்கே நோயைத் தவிர வேறு சிலவும் கணிப்பை இழுத்துக் கீழே தள்ளுகின்றன. காப்பீட்டு அனுமதிக்காகக் காத்திருந்து நாள் தவறும் சைக்கிள், கூலி போய்விடும் என்று ஒத்திப்போடும் ஸ்கேன், இரவில் காய்ச்சல் வந்தால் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற முடிவு. கீமோ நடக்கும்போது 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால் அது அவசரம். விடியும்வரை பொறுக்கக் கூடாது. எந்த மதிப்பெண் அட்டையிலும் இடம்பெறாத இவற்றை மட்டும்தான் குடும்பத்தால் மாற்ற முடியும் என்பதால் இந்தப் பக்கத்திலேயே இதைத்தான் அழுத்திச் சொல்வேன்.

ஜோசியர் ஐப்பசிக்குப் பிறகு கண்டம் இல்லை என்கிறார். அதுவரை கீமோவை நிறுத்திவைக்கலாமா?

நிறுத்தாதீர்கள். பரிகாரம் செய்வதாக இருந்தால் செய்யுங்கள், கீமோ தேதியைத் தொடாமல்.

ஒரு டாக்டர் 30 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 50 என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரியாக இருக்க முடியும். ஒருவர் இன்றைய நிலையிலிருந்து கணக்கிட்டிருப்பார், மற்றவர் கீமோவுக்கு மசிந்தால் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டிருப்பார். ஒருவர் ஐந்தாண்டைச் சொல்லியிருப்பார், மற்றவர் இரண்டாண்டை. ஒருவர் உயிருடன் இருப்பதை எண்ணியிருப்பார், மற்றவர் நோயின்றி இருப்பதை. எதில், எத்தனை ஆண்டில், எந்தக் கட்டத்திலிருந்து என்று மூன்றையும் கேட்டால் சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன் பிறகும் வேறுபாடு மிஞ்சினால், சிறிய கூட்டங்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் ஆவது சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று சித்தப்பாக்கள் எல்லாரும் முடிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இது புள்ளியியல் கேள்வி அல்ல, இருந்தாலும் என் கருத்தைச் சொல்கிறேன். எவ்வளவு தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அப்பாவுக்குத்தான். "டாக்டர் சொல்வதை நீங்களே கேட்கிறீர்களா, நாங்கள் கேட்டுச் சொல்லட்டுமா?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். சிலர் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அதுவும் பதில்தான். ஆனால் பத்திரப் பதிவும், பேத்தி கல்யாணத்தை முன்னே வைப்பதும் அவர் கையெழுத்தும் சம்மதமும் வேண்டிய காரியங்கள். எதற்காக அவசரப்படுகிறார்கள் என்று தெரியாமல் ஒரு மனிதரை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

10 சதவீதம்தான் என்றார்கள். மூன்று வருடமாகிவிட்டது, நன்றாக இருக்கிறேன். கணிப்பு பொய்யாகிவிட்டதா?

இல்லை; பத்தில் ஒருவர் நீங்கள். ஆனால் அந்தப் பழைய எண்ணை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு: நூறு பேரில் இரண்டாண்டு முடிவில் 12 பேரும், ஐந்தாண்டு முடிவில் 10 பேரும் நலமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒருவருக்குச் சொல்லப்படும் எண் 10 சதவீதம். இரண்டாண்டைக் கடந்து நிற்பவருக்கு அது 12-இல் 10, அதாவது 83 சதவீதம். எண் மாறியதற்குக் காரணம், நீங்கள் இப்போது வேறு கூட்டத்தில் நிற்கிறீர்கள். வேகமான லிம்போமாவில் திரும்ப வருவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் நடந்துவிடுவதால் இந்த ஏற்றம் வேகமாகவே நடக்கும். மெதுவான வகைகளில் இப்படிச் சொல்ல முடியாது. அவை பத்தாண்டு கழித்தும் தலைகாட்டும்.

மூன்று ஆண்டு கடந்தவர் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது. ஆர்-சாப்பில் உள்ள சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், இதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியது. அடுத்த எக்கோ எப்போது எடுப்பது என்று கேளுங்கள்.